காற்றிடம் பொய் செல்லாது



இவ்வாண்டு நம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சியின்போது, மாடி வராந்தாவின் கடைசி மேசையில் ஒரு நீண்ட அட்டைப்பெட்டியும் அதன் வாயில் ஒரு டேபிள் பேனும் இருந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "இது என்ன, வடகம் காயவைக்கிற பெட்டியா?" என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. அது வடகப் பெட்டி அன்று, காற்றுச் சுரங்கம். விமானத்தின் இறக்கை மேல் காற்று எப்படி ஓடுகிறது, இறக்கையின் வடிவத்தைச் சிறிது மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக நானும் என் தந்தையும் செய்த பெட்டி அது.

அந்தப் பெட்டியின் கதையில் நான் பெருமைப்படும் பகுதியும் உண்டு, வெட்கப்படும் பகுதியும் உண்டு. ஆண்டு மலருக்கு எழுதும்படி எங்கள் பௌதிக ஆசிரியை சிஸ்டர் சொன்னபோது, "பெருமையை மட்டும் எழுதட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். "இரண்டையும் எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பயன்படும். ஒன்றை மட்டும் எழுதினால் உனக்கு மட்டும்தான் பயன்படும்" என்றார்கள். ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

வீட்டிலேயே விமானம் கட்டுவார்கள் என்பதை முதலில் நான் நம்பவில்லை. விமானம் என்றால் பெரிய தொழிற்சாலை, ஆயிரம் பொறியாளர்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தச்சரும் ஆசிரியரும் மருத்துவரும் தம் வீட்டுக் கார் கொட்டகையில், வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒருவரோ இருவரோ ஏறும் சிறு விமானங்களைக் கட்டி, தாங்களே ஓட்டுகிறார்கள். இத்தகையோருக்காக 1953ஆம் ஆண்டில் பால் பொபெரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் தொடங்கினார். 1970 முதல் அச்சங்கத்தின் ஆண்டு விழா விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்னும் ஊரில் கூடுகிறது. நம் ஊர்த் திருவிழாவுக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனது போல, அங்கே அவரவர் கட்டிய விமானத்தில் வந்து இறங்குகிறார்களாம்!

கட்டியவர் சும்மா இருப்பாரா? "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகாதா? இன்னும் மெதுவாக இறங்க முடியாதா?" என்று ஆசை வரும். உடனே வடிவத்தில் கை வைப்பார். சக்கரத்துக்கு உறை போடுவார், இறக்கைக்கும் வாலுக்கும் உள்ள இடுக்குகளை மூடுவார், கம்பிகளுக்கு மீன் வடிவில் மூடி செய்வார். ஓர் உருண்டைக் கம்பி காற்றில் உண்டாக்கும் தடை, அதே தடிமனுள்ள மீன் வடிவத் தண்டு உண்டாக்கும் தடையைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு இருக்கும். இதை அப்பாவிடம் சொன்னபோது, கையிலிருந்த ஸ்போக்ஸ் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத்துனூண்டு கம்பியா?" என்று வியந்தார். என் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

விமானத்தின் கதையே சைக்கிள் கடையில்தான் தொடங்குகிறது என்று நான் படித்த அன்று, எங்கள் கடையின் எண்ணெய்க் கறை படிந்த மேசைகூட எனக்கு அழகாகத் தெரிந்தது. வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். 1901ஆம் ஆண்டில் அவர்கள் கட்டிய கிளைடர், கணக்குச் சொன்ன அளவுக்குத் தூக்கவில்லை. நூறாண்டுக்கு மேலாக எல்லாரும் நம்பி வந்த ஓர் எண்ணை வைத்துத்தான் அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். வேறு யாராயிருந்தாலும், "பெரியவர்கள் சொன்ன கணக்கு தப்பாகுமா? நாம் கட்டியதில்தான் ஏதோ குறை" என்று விட்டிருப்பார்கள். இவர்களோ ஒரு சைக்கிளின் ஹாண்டில்பார் மேல் மூன்றாவது சக்கரம் ஒன்றைப் படுக்கை வாக்கில் பொருத்தி, அதில் ஒரு சிறிய வளைந்த தகட்டையும் ஒரு தட்டைத் தகட்டையும் நிறுத்தி, தெருவில் வேகமாக மிதித்துப் பார்த்தார்கள். பிறகு 6 அடி நீளத்தில், 16 அங்குலச் சதுர வாயுடன் ஒரு மரப்பெட்டி செய்து, விசிறியால் அதனுள் காற்றைச் செலுத்தினார்கள். உள்ளே வைத்த தராசு எதனால் ஆனது தெரியுமா? பழைய இரும்பறுக்கும் வாள் தகடும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும்தான்! ஏறத்தாழ 200 சிறு இறக்கைகளை அதில் வைத்துப் பார்த்து, தராசு காட்டியதை அப்படியே எழுதி வைத்தார்கள். 0.005 என்று உலகம் நம்பியிருந்த அந்த எண், உண்மையில் 0.0033 அளவே என்று கண்டார்கள்.

அந்த எண்களை வைத்துத்தான் 1902ஆம் ஆண்டின் கிளைடரைக் கட்டினார்கள். அதிலும் ஒரு குறை தென்பட்டது. திரும்பும்போது சில சமயம் ஒரு பக்கமாகச் சரிந்து மணலில் குத்தியது. பின்னால் அசையாமல் நின்ற இரட்டை வாலை, அசையும் ஒற்றை வாலாக மாற்றினார்கள். குறை தீர்ந்தது. 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி, 120 அடி என்று மனிதன் எஞ்சின் வைத்த விமானத்தில் பறந்த வரலாறு நாம் அறிந்ததே. அந்த 12 விநாடிக்குப் பின்னால் இருந்தது, தங்கள் கணக்கையே சந்தேகித்துப் பார்க்கும் துணிவு.

இதற்கு நேர்மாறான துயரக் கதையும் ஒன்று உண்டு. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆன்றி மின்யே என்பவர் ஏழை எளியவரும் பறக்க வேண்டும் என்று கனவு கண்டார். 1933 செப்டம்பரில் 6 மீட்டர் அகலமுள்ள ஒரு குட்டி விமானத்தை அவர் கட்டிப் பறந்தார். 'வானத்துப் பேன்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். ஆங்கிலேயர் அதைப் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்றனர். முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கைகள், காலால் மிதிக்க ஒன்றுமில்லை, கையில் ஒரே ஒரு பிடி. பிடியை இழுத்தால் முன் இறக்கை முழுவதுமே சாய்ந்து விமானத்தை மேலே தூக்கும். 1934இல் அவர் எழுதிய புத்தகத்தைப் படித்து, பிரான்சிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ பேர் ஆணியும் பலகையும் துணியுமாகக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விபத்துகள் நேர்ந்தன. மூக்குக் குப்புற இறங்கிய விமானம் நிமிரவே இல்லை. ஓட்டியவர்கள் இறந்தார்கள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் 1936இல் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ, பிரான்சில் ஷாலே-மூதோன் ஆகிய இடங்களிலுள்ள பெரிய காற்றுச் சுரங்கங்களில் முழு விமானத்தையே நிறுத்திச் சோதித்தார்கள். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. இரண்டு இறக்கைகளும் மிக நெருக்கமாக இருந்தன. விமானம் சுமார் 15 டிகிரிக்கு மேல் குப்புறச் சாய்ந்துவிட்டால், ஓட்டுபவர் பயந்து பிடியை இழுப்பார். முன் இறக்கையின் பின்விளிம்பு தாழ்ந்து, பின் இறக்கையோடு உள்ள இடைவெளி குறுகும். அந்த இடுக்கில் காற்று பாய்ந்தோடி, பின் இறக்கையை இன்னும் பலமாகத் தூக்கும். வால் தூக்கினால் மூக்கு மேலும் இறங்கும் அல்லவா? காப்பாற்ற இழுத்த பிடியே கவிழ்த்துவிட்டது!

மின்யே கெட்டவர் அல்லர். தாம் நம்பியதைத் தாமே ஓட்டிக் காட்டியவர். ஆழமறியாமல் காலை விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னர் அவர் இறக்கைகளின் இடைவெளியையும் வடிவத்தையும் மாற்றினார். அந்தக் குடும்பத்து விமானங்கள் இன்றும் பிரான்சில் பறக்கின்றன. ஆனால் அந்தச் சோதனை முதலிலேயே நடந்திருந்தால் எத்தனை வீடுகளில் அழுகுரல் கேட்காமல் இருந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

மூன்றாவது கதை கலிபோர்னியாவில் மொஹாவி என்னும் பாலைவன ஊரில் நடந்தது. பர்ட் ரூட்டான் என்ற பொறியாளர் 1975இல் 'வேரி ஈஸி' என்ற விமானத்தைப் பறக்க விட்டார். தெர்மோகோல் போன்ற நுரைக் கட்டியைச் சூடான கம்பியால் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பசையோடு ஒட்டினால் இறக்கை தயார். இதற்கு வால் சிறகு பின்னால் இல்லை, மூக்கருகே இருக்கிறது. இப்படிப்பட்ட முன்சிறகைக் 'கனார்டு' என்பார்கள். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு வாத்து என்று பொருள். விமானம் அளவுக்கு மீறி மூக்கைத் தூக்கினால், முன்சிறகு முதலில் தன் பிடியை இழந்து மூக்கைத் தானாகவே தாழ்த்தும். பெரிய இறக்கை பிடியை இழக்கும் நிலை வராது. எவ்வளவு நல்ல ஏற்பாடு! 1979இல் இதன் அக்காள் போன்ற 'லாங் ஈஸி'யும் வந்தது.

ஆனால் மழை பெய்தபோது ஒரு வியப்பு. மழைக்குள் நுழைந்ததும் மூக்கு தாழ்ந்தது. ஓட்டுபவர் பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே பறக்க வேண்டியிருந்தது. காரணம், அந்த முன்சிறகின் வடிவம், காற்று வழவழவென்று கலங்காமல் ஓடினால்தான் நன்றாகத் தூக்கும். மழைத்துளிகள் சிறகின் மேல் கொப்புளம் கொப்புளமாக நின்றவுடன், சிறகை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் கலைந்து, பின்பகுதியில் சிறகை விட்டே பிரிந்துவிட்டது. மழைத்துளிதானே என்று நாம் நினைப்போம். காற்று அப்படி நினைப்பதில்லை.

ரூட்டான் இதை மூடி மறைக்கவில்லை. வரைபடம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் செல்லும் தம் செய்தி மடலில் கண்ட குறைகளையும் செய்ய வேண்டிய திருத்தங்களையும் அச்சிட்டு அனுப்பி வந்தார். பிறகு ஜான் ராங்ஸ் என்பவர் மழைக்குக் கலங்காத புதிய முன்சிறகு வடிவத்தை வகுத்துக் கொடுத்தார்.

இதே ரூட்டான் வடிவமைத்த 'வாயேஜர்' விமானத்தில்தான் அவருடைய அண்ணன் டிக் ரூட்டானும், ஜீனா யேகர் என்ற பெண்மணியும் 1986 டிசம்பர் 14 முதல் 23 வரை எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்தார்கள். 9 நாள், 3 நிமிடம், 44 விநாடி! புறப்படும்போது எரிபொருளின் பாரத்தால் இறக்கை நுனிகள் ஓடுபாதையில் உராய்ந்து, நுனியில் நின்ற சிறு சிறகுகள் இரண்டும் பிய்ந்து போயின. இருந்தும் திரும்பாமல் சென்று வென்றார்கள். அந்த விமானத்தின் முன்சிறகுக்கும் மழைத் தொல்லை இருந்தது. அதற்கு மருந்தாக, அதன் மேல் வரிசையாகச் சிறு சிறு தகடுகளை ஒட்டினார்கள். விரல் நகம் போன்ற அத்தகடுகள் காற்றில் சிறு சுழல்களை உண்டாக்கும். அந்தச் சுழல்கள் மேலே ஓடும் வேகமான காற்றைக் கீழே கொண்டுவந்து, சோர்ந்து பிரியப் பார்க்கும் படலத்துக்கு உயிரூட்டி, இறக்கையோடு ஒட்டி ஓடச் செய்யும். வீட்டில் விமானம் கட்டுவோர் பலர் இன்று இத்தகடுகளைத் தம் இறக்கையில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

தகடு ஒட்டினால் இறக்கை நன்றாகத் தூக்கும்! இதையே கண்காட்சியில் செய்து காட்டுவேன் என்று சிஸ்டரிடம் பெயர் கொடுத்தேன். இனி என் கதை.

ஒரு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. பேனிலிருந்து வரும் காற்று சுழன்று சுழன்று வருவதால், அதை நேராக்கக் குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராக்களைத் தேன்கூடு போல அடுக்கி ஒட்டினேன். தெர்மோகோலை அறுத்து, தேய்த்து, 20 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலத்தில் இறக்கை செய்தேன். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, இறக்கை மேல் வரிசையாக ஒட்டினேன். காற்று ஒழுங்காக ஓடினால் நூல்கள் எல்லாம் நேராகப் படுத்திருக்கும். காற்று பிரிந்தால் நூல்கள் எழுந்து ஆடும். உண்மையான விமானத்திலும் இப்படியே நூல் ஒட்டிப் பார்க்கிறார்கள்.

தராசு செய்தவர் அப்பா. கடையைச் சாத்திவிட்டு, இரண்டு நாள் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து, ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து, பழைய பெடலின் பால்ரஸ் போட்டு, ஊதினால் அசையும்படி செய்து கொடுத்தார். "ரைட் அண்ணன் தம்பி தராசும் இப்படித்தானா இருந்துச்சு?" என்று கேட்டார். "அதைவிட நல்லாயிருக்குப்பா" என்றேன். அப்பா சிரித்தார்.

முதலில் வெறும் இறக்கையை 5 டிகிரி சாய்வில் வைத்து அளந்தேன். தூக்குவிசை 10 கிராம். பவுடர் டப்பாவை வெட்டிச் செய்த குட்டித் தகடுகளை ஒட்டி மறுபடி அளந்தேன். 13 ஆவது வரும் என்று காத்திருந்தேன். 9 கிராம்தான் வந்தது! கழற்றி ஒட்டினேன். மீண்டும் 9. இடம் மாற்றி ஒட்டினேன். 9க்கு மேல் போகவில்லை.

மறுநாள் ஒத்திகை. சார்ட் எழுதியாக வேண்டும். தகடு ஒட்டினால் நன்றாகத் தூக்கும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது, என் கைதான் சரியில்லை, உண்மையைத்தானே எழுதுகிறேன் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக '13 கிராம்' என்று எழுதிவிட்டேன்.

ஒத்திகை நாளில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து, நான் சொன்னதையெல்லாம் கண் இமைக்காமல் கேட்டாள். "அக்கா, ஒரு தடவை போட்டுக் காட்டுங்கக்கா" என்றாள். பேனைப் போட்டேன். எடைக்கற்களை அவளே எண்ணினாள். "ஒம்பதுதான்க்கா வருது. சார்ட்ல பதிமூணுன்னு போட்டிருக்கே... தராசு கெட்டுப்போச்சாக்கா?"

என் வாயிலிருந்து வந்த பதிலை இன்று நினைத்தாலும் கூசுகிறது. "ஆமாம்மா, தராசுதான் சரியில்லை" என்றேன்.

அத்துடன் விட்டேனா? அன்று மாலை வீட்டுக்குப் போனதும், பேச்சோடு பேச்சாக, "தராசு சரியா காட்டலைப்பா" என்று சொல்லிவைத்தேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய்! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தராசை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தார். காசு வைத்துப் பார்த்தார், கழற்றித் துடைத்தார், ஒரு சொட்டு எண்ணெய் விட்டார், திரும்பவும் காசு வைத்துப் பார்த்தார். நான் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி பதினொன்று இருக்கும். "எத்தனை தடவை பார்த்தாலும் சரியாத்தாம்மா காட்டுது. எங்கே தப்புன்னு எனக்குப் புரியலையே" என்றார். தம் கைவேலையில் குறை என்று நம்பி அவர் முகம் வாடியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வீல்ல கோட்டம் எடுக்கிறதை நீ பார்த்திருக்கே இல்ல? சுத்திவிட்டா எந்த எடத்துல உரசுதுன்னு தெரியும். உரசுற எடத்தைப் பார்த்துத்தான் ஸ்போக்ஸை முடுக்கணும். நான் கண்ணை மூடிக்கிட்டா கோட்டம் போயிடுமா? கஸ்டமர் ரோட்டுல விழுவாரு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்ததும் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். பெயரை எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். சிஸ்டர் என்னைக் கடிந்துகொண்டார்கள். அதிலும் ஆறாம் வகுப்புச் சிறுமியிடம் பொய் சொன்னதற்காகவே அதிகம் கடிந்துகொண்டார்கள். பிறகு யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்கள். "எந்தச் சாய்வில் வைத்து அளந்தாய்?"

"5 டிகிரி, சிஸ்டர்."

"அந்தச் சாய்வில் உன் நூல்கள் எப்படி இருந்தன?"

"நேராகப் படுத்திருந்தன."

"காற்று ஏற்கனவே ஒழுங்காக ஓடுகிற இடத்தில் உன் தகட்டுக்கு என்ன வேலை? நோயில்லாதவனுக்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகும்?"

எனக்குச் சுரீர் என்றது. மதிய உணவைக்கூட மறந்து மாடிக்கு ஓடினேன். இறக்கையை 16 டிகிரி சாய்த்தேன். தகடு இல்லாதபோது நூல்கள் எல்லாம் பேய் பிடித்தவை போல ஆடின. தூக்குவிசை 8 கிராம்தான். தகடுகளை ஒட்டினேன். தகடுகளுக்குப் பின்னால் இருந்த நூல்கள் ஒவ்வொன்றாக அடங்கிப் படுத்தன! எடைக்கற்களை வைத்தேன். 12 கிராம்! மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 12.

தோழியரே, சாய்வு குறைவாக இருக்கையில் அந்தத் தகடுகள் சிறிது கெடுதலே செய்கின்றன. சாய்வு மிகுந்து ஆபத்து நெருங்குகையில்தான் கைகொடுக்கின்றன. அந்த 9 என்பது தவறான எண்ணே அல்ல. பாதி உண்மை அதற்குள்ளேதான் இருந்தது. 13 என்று எழுதி அதை நானே மூடிவிட்டேன். பொய் சொன்னதால் அப்பாவின் மனத்தை மட்டுமா புண்படுத்தினேன்? என் சோதனையில் இருந்த ஒரே புதுமையையும் குப்பையில் போடப் பார்த்தேன்.

புதிய சார்ட் எழுதினேன். 5 டிகிரியில் 10, தகடுடன் 9. 16 டிகிரியில் 8, தகடுடன் 12. நான்கு எண்களையும் ஒரே அளவில், ஒரே மையில் எழுதினேன். அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியைத் தேடிப் பிடித்து, "தராசு சரியாகத்தான் இருந்தது. அக்காதான் தப்பு" என்று சொன்னேன். அவள் சிறிதும் அதிர்ச்சியடையவில்லை. "அப்ப இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கக்கா" என்றாள்!

கண்காட்சியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. மழைநீர் சேகரிப்பு மாதிரி செய்த தோழியர் முதற் பரிசு பெற்றார்கள். அவர்களுக்கு என் பாராட்டு. ஆனால் கண்காட்சியைப் பார்க்க என் தந்தை கடைக்கு அரை நாள் விடுமுறை விட்டு, சலவைச் சட்டை அணிந்து வந்திருந்தார். வந்தவர்களிடமெல்லாம் இறக்கையைக் காட்டாமல் தராசையே காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அதைவிட எனக்கு வேறு என்ன பரிசு வேண்டும்?

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்தில் பெரிய மாற்றம் ஏதேனும் செய்தால், அது முன்பு எத்தனை நாள் நன்றாகப் பறந்திருந்தாலும், மீண்டும் குறைந்தது 5 மணி நேரமாவது ஒதுக்குப்புறமான பகுதியில் சோதனைப் பறப்பு நடத்தியே தீர வேண்டும் என்பது விதி. முதலில் படித்தபோது, ஒரு சிறு தகட்டுக்காக இவ்வளவு கண்டிப்பா என்று தோன்றியது. இப்போது புரிகிறது. மின்யேயின் நல்லெண்ணத்தைப் பார்த்துக் காற்று இரக்கம் காட்டவில்லை. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள்தானே என்று இளப்பமாகவும் எண்ணவில்லை. சரியாகச் செய்தவரைத் தூக்கியது, தவறாகச் செய்தவரைக் கீழே விட்டது. காற்றிடம் சிபாரிசும் செல்லாது, பொய்யும் செல்லாது.

பொதுத் தேர்வு நெருங்குகிறது. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாய் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். "கணக்கும் பௌதிகமும்" என்கிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு ஏரோப்ளேன் எதுக்கு?" என்று மாமா ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே அப்பா, கையிலிருந்த வீலைச் சுற்றிவிட்டுக்கொண்டே, "அவ கோட்டம் எடுக்கக் கத்துக்கிட்டா. இனி எதை வேணும்னாலும் படிக்கட்டும்" என்றார்.

அந்தத் தராசு இப்போது எங்கள் கடையில், ஸ்போக்ஸ் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. வாசல் வழியே காற்று வீசும்போதெல்லாம் மெல்ல அசைகிறது. பள்ளி விட்டு வரும்போது தினமும் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன்.

– மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு